இருண்டது ஒரு மூலை மட்டும்

அன்று காலையிலிருந்து ஒரு வழுக்கைத் தலை ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. போனுக்குப் போன் தாவியது, பஸ்ஸில் ஏறியது, வங்கி வரிசையில் நின்றது. மதியத்துக்குள் துப்பறிவாளர் அண்ணியின் மேஜைக்கே வந்து சேர்ந்துவிட்டது.

அண்ணி என்பது உறவுமுறைதான். கூட வேலை பார்க்கிற கொழுந்தன் அப்படிக் கூப்பிட்டதைக் கேட்டுக் கேட்டு, வருகிற கட்சிக்காரர்களும் அப்படியே கூப்பிடப் பழகி, கடைசியில் வாசல் பலகையிலேயே ஏறிவிட்டது: 'அண்ணி துப்பறியும் நிலையம்.' அதற்கு முன்னால் அவள் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் விபத்துப் படங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். நசுங்கிய காரை இன்னும் நசுங்கியதாகக் காட்டுகிற எல்லா வித்தையும் அவளுக்கு அத்துப்படி.

கொழுந்தனை எல்லாரும் அரட்டை என்பார்கள். பல் மருத்துவரின் நாற்காலியிலும் பேசிக்கொண்டே இருந்து அவரிடம் திட்டு வாங்கியவன்.

எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணி போனை மேஜையில் வைத்து, படத்தை அவர்கள் பக்கம் திருப்பினார்.

"இது என் வீட்டுக்காரர்."

ஒரு மேக்கப் அறை. பல்புகள் வரிசையாக எரியும் கண்ணாடிக்கு முன்னால் ஒரு மனிதர் பக்கவாட்டில் தெரிந்தார். பக்கத்தில் இருந்த மரத்தலையில் அவருடைய முடி உட்கார்ந்திருந்தது. அவர் கண்ணை மூடி, பத்து விரலாலும் வழுக்கையைச் சொறிந்துகொண்டிருந்தார். முகத்தில் அப்படியொரு சுகம்.

அரட்டை எட்டிப் பார்த்தான். "அட, ஏழு மணிச் செய்தி வாசிக்கிறவர்! அந்த அலை அலையான முடி..."

"அது நான் செஞ்ச விக்."

"போங்க மேடம்! டி.வி.யில வர்ற அவர் படத்தைக் காட்டி அதே மாதிரி வெட்டுங்கன்னு எங்க சலூன்காரரைப் படுத்தி எடுத்திருக்கேன். அவர் பாவம், எனக்குத்தான் முடி சரியில்லைன்னு நினைச்சுட்டார்."

பெண்மணி சிரிக்கவில்லை. கடைத் தெருவில் விக் கடை வைத்திருப்பவர். விரல் நுனிகளில் கோந்து காய்ந்து வெள்ளைத் தோலாக ஒட்டியிருந்தது.

"காலையில டி.வி. நிலையத்து கேன்டீன் போர்டுல இந்தப் படத்தை யாரோ குத்தி வெச்சிருக்காங்க. பார்த்தவங்க எல்லாம் போன்ல எடுத்து அனுப்பிட்டாங்க. அங்க போட்டோ எடுக்கிற பொண்ணு ஒண்ணு இருக்கு. கிளிக்னு கூப்பிடுவாங்க. அவதான் எடுத்தான்னு மேனேஜர் முடிவே பண்ணிட்டார். இன்னிக்கு ஏழு மணிச் செய்தி முடிஞ்சதும் வேலையை விட்டு அனுப்பறாங்களாம்."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றாள் அண்ணி.

"அவ பண்ணியிருந்தா போகட்டும். பண்ணலைன்னா? எங்க வீட்டு முடிக்காக ஒரு பொண்ணு வேலை போகக் கூடாதுங்க. இன்னொண்ணும் எனக்குப் புரியலை. அவர் கதவைத் தாழ்ப்பாள் போடாம விக்கைக் கழட்டவே மாட்டார். நான் போனாக்கூட குரல் கொடுத்தாத்தான் திறப்பார். அப்புறம் எப்படி ஒருத்தர் உள்ள புகுந்து படம் எடுத்தாங்க?"

அண்ணி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"கிளம்பு, அரட்டை. மயிரிழையில ஒரு வேலை தொங்குது."

"அண்ணி, இந்த மாதிரி ஜோக்கெல்லாம் என் இலாகா."

*

நிலையத்தின் மேலாளர் கழுத்தில் அடையாள அட்டையும் முகத்தில் அவசரமுமாக வரவேற்றார். போர்டிலிருந்து எடுத்த படத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். விளம்பரப் பிரிவின் பிரிண்டரில் அச்சானது. அந்தப் பிரிண்டரை யார் வேண்டுமானாலும் தொடலாம்.

"நானும் ஒரு காலத்துல போட்டோ எடுத்தவன்தான்," என்றார். "இந்த ஆபீஸ்ல போட்டோ எடுக்கிற கேமரா ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு நிலையத்தோட பெரிய கேமரா. என் அலமாரியில பூட்டி இருக்கும். இன்னொண்ணு அந்தப் பொண்ணோட சின்ன கேமரா. ரெண்டுக்கும் பொதுவா ஒரே லென்ஸ். ஜூம் கிடையாது. இழுக்கவும் முடியாது, சுருக்கவும் முடியாது."

"போன்ல எடுத்திருக்கலாமே?" என்றான் அரட்டை.

"பின்னாடி எல்லாம் எப்படிக் கலங்கலா கரைஞ்சிருக்கு பாருங்க. அது இந்த லென்ஸோட கைவரிசை."

மேக்கப் அறை நீளமாக இருந்தது. இடது சுவரில் பல்புக் கண்ணாடி. அதன் முன்னால் நாற்காலி. கதவை ஒட்டி விக் பெட்டிகள் அடுக்கிய அலமாரி. அதற்கு நேர் எதிரே, கடைசிச் சுவரில், கோட்டுப் போட்டுப் பார்ப்பதற்கான ஆளுயரக் கண்ணாடி.

கிளிக் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். மெலிந்த பெண். கழுத்தில் கேமரா. அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"நான் எடுக்கலை மேடம். நம்பினா நம்புங்க."

"நம்பறது அப்புறம். முதல்ல அளந்து பார்ப்போம். படம் எடுத்த கேமரா எங்க இருந்துச்சுன்னு தெரியணும்."

"அதை எப்படி அண்ணி கண்டுபிடிக்கிறது? படத்துல கேமரா இல்லையே."

"எது எதை மறைக்குதுன்னு பாரு. படத்துல இந்த ஹேங்கரோட கொக்கி, ஜன்னல் தாழ்ப்பாளைச் சரியா மறைச்சிருக்கு. அது ரெண்டும் எங்கிருந்து பார்த்தா ஒண்ணா வருதோ, அங்கதான் கேமரா இருந்திருக்கு. லென்ஸை மாத்தினாலும் கேமராவை மாத்தினாலும் அது மாறாது. இடத்தை மாத்தினாத்தான் மாறும்."

அரட்டை ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அறை முழுவதும் நண்டு மாதிரி நடந்தான். கடைசியில் கதவோர அலமாரியில் முட்டிக்கொண்டு நின்றான். "வந்துடுச்சு! நடுத்தட்டு! என் மூக்கு இருக்கிற உயரம்."

அண்ணி இரண்டு விக் பெட்டிகளை விலக்கி, அந்த இடத்தில் முதலில், மேலாளரின் அலமாரியிலிருந்து வரவழைத்த பெரிய கேமராவை வைத்தாள். நாற்காலியில் அரட்டையை உட்கார வைத்தாள்.

"கண்ணை மூடித் தலையைச் சொறி."

"இவ்வளவு முடியை வெச்சுக்கிட்டுச் சொறிஞ்சா அந்தச் சுகம் வராது அண்ணி."

கேமரா கண் சிமிட்டியது. திரையில் படம் தெரிந்தது. நாற்காலி, பல்புகள், ஹேங்கர் எல்லாம் வந்திருந்தன. கூடவே வலப்பக்கம் ஆளுயரக் கண்ணாடியும் கீழே தரையும் வந்திருந்தன. போர்டில் குத்தியிருந்த பிரதியில் இந்த இரண்டும் இல்லை.

"பெரிய கேமரா ரொம்ப அகலமாப் பார்க்குது," என்றாள் அண்ணி. பிறகு அதே லென்ஸைக் கழற்றிக் கிளிக்கின் சின்னக் கேமராவில் மாட்டினாள். அதே தட்டு, அதே நாற்காலி, அதே சொறி. கேமராவின் முகத்தை மட்டும் கொஞ்சம் இடது பக்கம் திருப்பி, மேலே தூக்கினாள்.

திரையை எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

படம் அச்சு அசலாகப் பிரதியோடு பொருந்தியது. வலது ஓரத்தில் ஹேங்கர் முடிகிற இடத்தில் அதுவும் முடிந்தது. கீழே நாற்காலியின் கை வெட்டுப்படுகிற இடத்தில் அதுவும் வெட்டுப்பட்டது.

மேலாளர் கைகளைக் கட்டிக்கொண்டார். "நான் சொன்னேன்ல? சின்ன சென்சார்ல, அதான் கேமராவுக்குள்ள படம் பதியற தட்டுல, எடுத்த படம். இந்த ஆபீஸ்ல சின்ன சென்சார் இவ கேமராவுல மட்டும்தான். அலமாரியோரம் இருக்கிற உடைமாத்துற திரைக்குப் பின்னாடி முன்கூட்டியே ஒளிஞ்சிருந்திருக்கா. அவ்வளவுதான்!"

கிளிக் ஓரடி பின்வாங்கினாள். "மேடம், நீங்க என்னைக் காப்பாத்த வந்தீங்கன்னு நினைச்சேன்."

அரட்டை நாற்காலியிலிருந்து எழுந்து வந்து அண்ணியின் காதருகே குனிந்தான். "அண்ணி, நம்ம கட்சிக்காரர் கேட்டது இவளைக் காப்பாத்தச் சொல்லி. நாம கயிறை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டிட்டோம்."

அண்ணி பிரதியை ஒரு கையிலும் சின்னக் கேமராவை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு, மாறி மாறிப் பார்த்தாள். பல்புக் கண்ணாடிக்கு மேலே இருந்த வெள்ளைச் சுவரை அண்ணாந்து பார்த்தாள். மறுபடியும் பிரதியைப் பார்த்தாள்.

"கிளிக், இங்க வாம்மா. இந்த ரெண்டு படத்துலயும் இடது பக்கம் மேல் மூலையைப் பாரு."

கிளிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். "என் கேமராவுல எடுத்ததுல வெளிச்சமா இருக்கு."

"பிரதியில?"

"மங்கலா இருக்கு. புகை படிஞ்ச மாதிரி."

"பல்பு ஏதாவது அணைஞ்சிருக்கும்," என்றார் மேலாளர்.

"எல்லாப் பல்பும் பிரதியில எரியுதே சார். எண்ணிக்கூடப் பார்த்துக்கோங்க. மத்த மூணு மூலையும் பளிச்சுன்னு இருக்கு. இந்த ஒரு மூலை மட்டும் ஏன் இருட்டிக்கிட்டு வருது?"

கிளிக் பிரதியை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனாள். "மேடம்... மேடம்! சின்ன சென்சார்ல அந்த இருட்டு வரவே வராது!"

"இதை நீ முன்னாடியே சொல்லியிருக்கலாமே!" என்றான் அரட்டை.

"பிரதியை என் கையில யாரு கொடுத்தாங்க? தூரத்துல காட்டி, நீதானேன்னு கேட்டாங்க, அவ்வளவுதான். போன்ல சுத்துற படத்துல இந்த இருட்டெல்லாம் தெரியலை."

மேலாளர் அடையாள அட்டையைத் தேவையில்லாமல் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணும் தலைகால் புரியலை," என்றான் அரட்டை. "மூலையாம், இருட்டாம். யாராவது தமிழ்ல சொல்லுங்களேன்."

அண்ணி மேக்கப் மேஜையில் கிடந்த டார்ச்சை எடுத்தாள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, வெறும் சுவரில் ஒளியடித்தாள். வட்டமாக வெளிச்சம் விழுந்தது. நடுவில் பளீரென்றும் ஓரத்தில் மங்கியும் இருந்தது.

"லென்ஸ் எப்பவும் இப்படி வட்டமாத்தான் படத்தைக் கொட்டும். நடுவுல வெளிச்சம் ஜாஸ்தி, ஓரத்துல கம்மி. அந்த வட்டத்துக்குள்ள பிடிக்கிற சதுரத் தட்டுதான் சென்சார். அந்தப் பெரிய அட்டையை எடுத்துச் சுவத்துல பிடி."

அரட்டை ஒரு கோப்பின் அட்டையைப் பிடித்தான். அதன் நான்கு மூலைகளும் வட்டத்தின் மங்கலான விளிம்பைத் தொட்டன.

"இது பெரிய கேமரா. நாலு மூலையும் கொஞ்சம் இருட்டு. இப்ப அந்தச் சின்ன அட்டை."

அவன் பவுடர் டப்பாவின் மூடியட்டையை நடுவில் பிடித்தான். முழுவதும் பளீரென்று இருந்தது.

"இது சின்ன கேமரா. ஓரமே உள்ள வரலை. அதனால இருட்டும் வரலை. காட்சியும் கம்மி."

"ஓ! அப்போ சின்ன சென்சார் கிட்டப் போய்ப் பார்க்கிறது இல்லையா? நான் அப்படித்தான் நினைச்சுட்டிருந்தேன்."

"கிட்டப் போகவே இல்லை. ஓரத்தை விட்டுடுது. அவ்வளவுதான். அதை அப்புறம் ஒரே அளவுக்குப் பெரிசாக்கி அச்சடிக்கிறோம், அதனால கிட்ட மாதிரி தெரியுது."

அரட்டை சுவரையும் அட்டையையும் பார்த்தான். அவன் வாய் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. அது அபூர்வமான காட்சி.

"அண்ணி, பெரிய அட்டையைக் கத்தரிக்கோலால வெட்டி, இந்தச் சின்ன அட்டை அளவுக்குக் கொண்டுவந்தா?"

"சபாஷ்! எங்கிருந்து வெட்டினாங்கன்னுதானே கேள்வி. நட்டநடுவுல வெட்டியிருந்தா சின்ன கேமராவுல எடுத்ததுக்கும் அதுக்கும் வித்தியாசமே தெரியாது. நாம தோத்திருப்போம். ஆனா வெட்டினவர் மேல் இடது மூலையோட சேர்த்து வெட்டிட்டார். அந்த மூலையோட இருட்டும் கூடவே வந்துடுச்சு. இது சின்ன கேமராவுல எடுத்த முழுப் படம் இல்லை. பெரிய கேமராவுல எடுத்த படத்தோட ஒரு துண்டு."

கிளிக் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். மேலாளர் உட்காரவில்லை. ஆனால் உட்கார்ந்தால் தேவலை என்கிற மாதிரி சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"பெரிய கேமரா யார் அலமாரியில சார் பூட்டி இருக்கும்னு சொன்னீங்க?" என்று அரட்டை தேன் சொட்டக் கேட்டான்.

"என்... ஐயோ, என் அலமாரிதான். ஆனா நான் எடுக்கலை! நான் எதுக்குங்க அவர் தலையைப் படம் எடுக்கப்போறேன்? அவர் முடியாலதானே எங்களுக்கு விளம்பரமே வருது!"

"நம்பினா நம்புங்கன்னு சொல்லுங்க சார். இந்த அறையில அதுதான் இன்னிக்கு வழக்கம்."

"அரட்டை, சும்மா இரு." அண்ணி ஆளுயரக் கண்ணாடியின் முன்னால் போய் நின்றாள். "வலப்பக்கமும் கீழேயும் வெட்டியிருக்காங்க. கீழே இருக்கிறது தரை. வலப்பக்கம் இருக்கிறது இந்தக் கண்ணாடி. அலமாரிக்கு நேர் எதிர்ல இருக்கு. இதுல கேமரா தெரியும். கேமரா பக்கத்துல நிக்கிற ஆளும் தெரியும். அதை மறைக்கத்தான் வெட்டு. சார், கடைசியா அந்தக் கேமராவை வெளியில கொடுத்தது எப்போ?"

மேலாளர் நெற்றியைத் துடைத்தார். "போன வாரம்... யாருக்கும் கொடுக்கலையே. நம்ம செய்தி வாசிக்கிறவர் மட்டும் கேட்டார். மனைவிக்குப் பிறந்தநாள், படம் எடுக்கணும்னு சொன்னார். அடுத்த நாளே திருப்பிக் கொடுத்துட்டார். அவர் மேல சந்தேகப்பட முடியுமா? அவர்தானே படத்துல மாட்டிக்கிட்டவரே!"

அண்ணி தன் போனை எடுத்து விக் கடைக்குப் பேசினாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். பதிலைக் கேட்டுக்கொண்டு, "கொஞ்சம் இங்க வர முடியுமா?" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

"அவங்க பிறந்தநாள் வர இன்னும் ரொம்ப நாள் இருக்காம்," என்றாள்.

*

செய்தி வாசிப்பவர் மேக்கப்புக்காக உள்ளே வந்தார். விக் தலையில் கச்சிதமாக இருந்தது. அண்ணி மேலாளரையும் கிளிக்கையும் வெளியே அனுப்பியிருந்தாள். அரட்டை கதவருகே நின்றான்.

"சார், உட்காருங்க," என்றாள் அண்ணி. "அந்தப் படத்தை எடுத்தது யாருன்னு நினைக்கிறீங்க?"

அவர் தொண்டையைக் கனைத்தார். பதற்றம் வந்தால் செய்தித் தமிழ் வந்துவிடுகிற மனிதர் அவர். "அடையாளம் தெரியாத நபர் ஒருவர் அறைக்குள் புகுந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது."

"யாரு கருதுறது சார்?"

"வட்டாரங்கள்..."

"அந்த வட்டாரம் உங்க தலை சுற்றளவுதான் இருக்கும் போல," என்றான் அரட்டை.

அண்ணி பிரதியை அவர் மடியில் வைத்தாள். "கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்துச்சு. யாரு, எப்படி உள்ள வந்தாங்கன்னு எல்லாரும் மண்டையை உடைச்சுக்கிட்டாங்க. யாரும் வரலை. கேமராவை அலமாரியில பெட்டிகளுக்கு நடுவுல வெச்சு, தானா எடுக்கிற பொத்தானை அமுக்கிட்டு, நீங்க வந்து நாற்காலியில உட்கார்ந்துட்டீங்க. எதிர்க் கண்ணாடியில கேமரா மட்டும் தனியா நிக்கிறது தெரிஞ்சுடுச்சு. பக்கத்துல ஆளே இல்லை. அதைப் பார்த்தா யாரும் கண்டுபிடிச்சுடுவாங்கன்னு அந்தப் பக்கத்தை வெட்டிட்டு, மீதியை நீங்களே அச்சடிச்சுப் போர்டுல குத்திட்டீங்க. சரிதானே?"

அவர் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு செய்தித் தமிழ் அவரை விட்டுப் போய்விட்டது.

"அரிக்குதுங்க," என்றார்.

"என்னது?"

"தலை. அந்த லைட்டுக்குக் கீழ உட்கார்ந்தா கோந்து உருகி, உயிர் போற மாதிரி அரிக்கும். சொறிய முடியாது, நெளிய முடியாது. வெள்ளம், விபத்துன்னு வாசிக்கும்போது முகம் கோணும். ஜனங்க, ஐயோ எவ்வளவு வருத்தப்படறார் பாருன்னு சொல்லுவாங்க."

அரட்டை சிரிப்பை விழுங்கினான்.

"கழட்டிப் போட வேண்டியதுதானே?" என்றாள் அண்ணி.

"யாருகிட்டச் சொல்றது? கல்யாணமான புதுசுல முடி கொட்டிப்போச்சு. இனிமே நீ கேமரா முன்னாடி வேண்டாம், மைக் பின்னாடி குரல் மட்டும்தான்னு சொல்லிட்டாங்க. அப்போ அவ ராவு பகலா உட்கார்ந்து ஒவ்வொரு முடியாக் கோத்து முதல் விக்கைப் பண்ணிக் கொடுத்தா. அதுலதான் இந்த வேலையே நின்னுச்சு. இன்னிக்கும் ஒரு நாள் விடாம அவ கையாலதான் ஒட்டிவிடறா. அவகிட்டப் போய், நீ பண்ணது எனக்கு வேண்டாம்னு எப்படிங்க சொல்றது? அதான், ஊருக்கே தெரிஞ்சுட்டா அப்புறம் விக் எதுக்குன்னு அவளே சொல்லிடுவான்னு நினைச்சேன்."

"அந்தப் பொண்ணு மேல பழி விழுந்துச்சே?"

"அது சத்தியமா நான் எதிர்பார்க்கலை. காலையில மேனேஜர் சொன்னதும் திக்குன்னு ஆச்சு. சொல்லணும் சொல்லணும்னு ரெண்டு தடவை அவர் ரூம் வரைக்கும் போய்த் திரும்பிட்டேன். தைரியம் வரலை."

"சொல்லிட்டீங்களே," என்றது வாசலில் இருந்து ஒரு குரல்.

விக் கடைப் பெண்மணி கையில் கோந்து பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு கேட்டார் என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. செய்தி வாசிப்பவர் எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடியும் எழுந்தார்.

"இத்தனை வருஷமா அரிச்சுதா?" என்றார் மனைவி.

"கொஞ்சமாத்தான்..."

"பொய் சொல்லாதீங்க."

"ரொம்ப."

பெண்மணி பாட்டிலை மேஜைமேல் வைத்தார். அது டொக்கென்று சத்தம் போட்டது. "நாலு மணி ஆனா போதும், கடையை அப்படியே போட்டுட்டு ஓடிவரேன். ஒரு கல்யாணத்துக்குப் போக முடியலை, ஒரு வெளியூர் போக முடியலை. கோந்து வாசம் சாப்பாட்டுல கூட வருது. என்னிக்காவது வேண்டாம்னு சொல்ல மாட்டாரான்னு நான் காத்துக்கிட்டு இருக்கேன். நானாச் சொன்னா, வழுக்கையா வெளியில போகச் சொல்றாளேன்னு உங்க மனசு நோகும்னு வாயை மூடிக்கிட்டேன்!"

"நீ ஆசையா பண்றேன்னு நான்..."

"நீங்க ஆசைப்படறீங்கன்னு நான்!"

அரட்டை அண்ணியின் பக்கம் சாய்ந்தான். "இது துப்பறியும் கேஸா, குடும்ப நல வழக்கா?"

"வாயை மூடு," என்றாள் அண்ணி. ஆனால் அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

பெண்மணி அவர் பின்னால் போய் நின்று, விக்கின் ஓரத்தை நகத்தால் நெம்பி, பதமாக உரித்து எடுத்தார். உள்ளே தலை சிவந்து தடித்திருந்தது. அதைப் பார்த்ததும் மனைவியின் கண்ணில் நீர் முட்டியது. விக்கை மரத்தலையில் மாட்டிவிட்டு, பத்து விரலாலும் கணவரின் தலையை மெதுவாகச் சொறிந்துவிட்டார்.

*

கிளிக்கை உள்ளே கூப்பிட்டதும் செய்தி வாசிப்பவர் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லி, கை கூப்பினார். அவள் கை கூப்பவில்லை.

"நாள் பூரா அழுதேன் சார். எதுக்குத் தெரியுமா? வேலை போகுதேன்னு பாதி. மீதிப் பாதி, அந்தப் படத்தைப் பார்த்து. நாற்காலிக் கை வெட்டியிருக்கு, ஹேங்கர் ஓரத்துல கொம்பு மாதிரி நீட்டிக்கிட்டு நிக்குது. இவ்வளவு கேவலமா ஒரு படத்தை நான் எடுத்தேன்னு ஊரே நம்பிடுச்சே!"

"என்ன வேணும்னாலும் கேளும்மா. செய்யறேன்."

"நல்லதா ஒரு படம் எடுத்துக்கறேன். இப்படியே. விக் இல்லாம. அதைத்தான் போர்டுல குத்தணும்."

"முதல்ல செய்தி!" என்று மேலாளர் கதவுக்கு வெளியிலிருந்து கத்தினார். பிறகு உள்ளே வந்தார், தலையைப் பார்த்தார், சுவரைப் பிடித்துக்கொண்டார். "சார்! இப்படியேவா? விளம்பரக்காரங்க என்னைக் கொன்னுடுவாங்க!"

"ஊர்ல எல்லாரும் பார்த்த தலைதானே சார்," என்றான் அரட்டை. "இன்னிக்கு அதுதான் தலைப்புச் செய்தி."

அரங்கில் விளக்குகள் எரிந்தன. "சார், தலையில லைட் அடிச்சுக் கண்ணு கூசுது," என்று ஒளிப்பதிவாளர் முனகினார். பெண்மணி பவுடர் பஞ்சோடு ஓடி, தலை முழுக்க ஒத்தி எடுத்துவிட்டு, கேமராவில் படாமல் குனிந்து ஓடிவந்தார்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

"வணக்கம். இன்று காலை முதல் பரவி வரும் படத்தில் இருப்பவர் நான். அதை எடுத்தவரும் நானே. அதற்காக எங்கள் நிலையத்தின் புகைப்படக் கலைஞர் மேல் பழி விழுந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இனி மற்ற செய்திகள்."

கட்டுப்பாட்டு அறையில் போன்கள் அலறத் தொடங்கின. மேலாளர் ஒன்றை எடுத்துக் காதில் வைத்தார். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. "தலை நல்லா இருக்காம்," என்றார், தன்னாலேயே நம்ப முடியாதவராக. "முன்னைவிட நம்பிக்கையா இருக்காம்."

செய்தி முடிந்ததும் எல்லாரும் மறுபடியும் மேக்கப் அறைக்கு வந்தார்கள். கிளிக் தன் சின்னக் கேமராவில் அந்த லென்ஸை மாட்டினாள். செய்தி வாசிப்பவரை நாற்காலியில் உட்கார வைத்தாள். பெண்மணி நழுவப் பார்த்தார். அவர் கையைப் பிடித்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார் கணவர்.

கிளிக் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். "ரெண்டு பேரும் உள்ள அடங்கலை."

"பெரிய கேமராவைக் கொண்டுவரட்டுமா?" என்றார் மேலாளர், மிகவும் பணிவாக.

"வேண்டாம் சார். எனக்கு என் கேமரா போதும். நான் பின்னாடி போய்க்கறேன்."

அவள் ஒவ்வொரு அடியாகப் பின்வாங்கினாள். முதுகு கதவில் இடித்தது. அரட்டை தாழ்ப்பாளை விலக்கி, கதவை விரியத் திறந்தான். நடைபாதையில் நின்ற ஆட்கள் வழிவிட்டார்கள். அவள் வாசலைத் தாண்டி இன்னும் பின்னால் போனாள்.

"இன்னும் போம்மா," என்று செய்தி வாசிப்பவர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "அவசரமே இல்லை. இந்தத் தடவை ஓரத்துல எதையும் வெட்ட வேண்டாம்."

நடைபாதையின் எதிர்ச் சுவரில் தோள் இடித்ததும் கிளிக் நின்றாள். கேமராவைக் கண்ணுக்கு உயர்த்தினாள். காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாள்.

"வந்துட்டீங்க," என்றாள். "ரெண்டு பேரும், முழுசா."